பொக்கணைக்கு அடியில் கடல்

அக்கா,

இன்று காலை உங்கள் மகள் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. பத்திரிகைத் தாளில் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் பை, அதற்கும் மேலே உங்கள் பழைய சேலையில் கிழித்த துண்டு. இத்தனை கட்டுக்குள்ளிருந்தும் மணம் வெளியே வந்துவிட்டது. சீலாக் கருவாடு. குசினி யன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு சொல்லாமல் இருக்கக் கதவின் அடியில் துவாயையும் வைத்துவிட்டு, நிலத்தில் உட்கார்ந்து அந்தப் பொதியை மடியில் வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகப் பிந்திவிட்டது.

நான் இருக்கும் இந்த சுவிஸ் நாட்டுக்குக் கடல் இல்லை. வந்த புதிதில் அதை என்னால் நம்பவே முடியவில்லை. வரைபடத்தில் விரலை வைத்து நாலு பக்கமும் நகர்த்திப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் விரல் இன்னொரு நாட்டின்மேல்தான் ஏறியது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் சைக்கிளை மிதித்தாலும் கொஞ்ச நேரத்தில் கடலோ ஆழமில்லாத பரவைக் கடலோ வந்து வழியை மறித்துவிடும். இதை உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டீர்கள்: "கடல் இல்லாத நாடெண்டால், அங்கத்தைச் சனம் மனம் சரியில்லாத நேரம் எங்கை போய் நிக்கிறது?"

போன மாதம் நீங்கள் நித்திரையிலேயே போய்விட்டீர்கள் என்று மகள் சொன்னாள். நான் வரவில்லை. வர முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் முதலில் சந்தித்தது தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில். யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியதும் அதற்குப் பக்கத்துக் கடற்கரையான குருநகர்ச் சனம் கையில் கிடைத்ததோடு கடலுக்குத் தள்ளிய ஊர்களுக்கு நகர்ந்தது. கரவெட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒரே பகலில் நிரம்பிவிட்டது. வகுப்பறைகளில் இடம் கிடைக்காதவர்களை ஊரார் தங்கள் வளவுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இவர் உங்கள் மூன்று பேரையும் கூட்டி வந்தார். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவரைப் பெயர் சொல்லாமல் 'இவர்' என்று சொல்லப் பழகிக்கொண்டிருந்த காலம். இன்னும் அப்படியேதான் சொல்கிறேன்.

தலையில் உரப்பை, இடுப்பில் மகள் என்று நீங்கள் படலைக்குள் நுழைந்தீர்கள். பின்னால் உங்கள் கணவர், பெரிய வலைக்கட்டு ஒன்றைத் தோளில் சுமந்தபடி வந்தார்.

"உந்தப் பாரத்தை ஏன் அண்ணை இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று இவர் கேட்டார்.

"விட்டிட்டு வாறதுக்கு இதென்ன தம்பி, பானை சட்டியே?" என்றார் அண்ணை. வலையை எங்கள் பலா மரத்துக் கிளையில் மாட்டிவிட்டுத்தான் தண்ணீர் கேட்டார்.

மாட்டுக் கொட்டிலின் ஒரு பாதியைத் துப்புரவாக்கி, கிடுகால் மறைத்து உங்களுக்குக் கொடுத்தோம். என் மாமியார் அதற்குச் சம்மதித்தார். ஆனால் இரண்டு கட்டளைகளும் போட்டார். வளவுக்குள் மீன் காய்ச்சக் கூடாது. வீட்டுக் கிணற்றுக் கயிற்றை நீங்கள் தொடக் கூடாது. மாமி கொடுமைக்காரர் இல்லை, அக்கா. அது உங்களுக்கும் தெரியும். குழந்தைக்குப் பால் கொடுத்தனுப்புவார். காய்ச்சலென்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். ஆனால் யார் அள்ளிய தண்ணீரை யார் குடிப்பது என்ற விஷயத்தில் அவர் தன் தாயைப் போலவும், தாயின் தாயைப் போலவும் இருந்தார். உங்கள் ஆட்கள் தொட்ட தண்ணீர் அவர் தொண்டைக்குள் அதுவரை இறங்கியதில்லை.

ஆகவே நான் அள்ளி ஊற்றுவேன், நீங்கள் குளிப்பீர்கள். முதல் நாள் எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நீங்கள்தான் அதைச் சுலபமாக்கினீர்கள்.

"நல்லா ஊத்து தங்கச்சி. எனக்கு ஆர் இப்பிடி ஊத்தினவை? மகாராணி மாதிரியெல்லோ குளிக்கிறன்."

அப்படி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பின்னேரத்தில்தான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். உங்கள் தகப்பனார் சங்கு குளிப்பவர். ஆண் பிள்ளை இல்லாததால் சின்ன வயதிலிருந்தே உங்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவாராம். கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கவும், காது வலிக்கும்போது மூக்கைப் பொத்தி ஊதவும், மேலே வரும்போது அவசரப்படாமல் வரவும் பழக்கினாராம். கூட முழுகும் பெடியன்களைவிட நீங்கள் அதிக நேரம் கீழே நிற்பீர்களாம். பிறகு நீங்கள் பெரியபிள்ளை ஆனீர்கள். அன்றோடு வள்ளம் நின்றுவிட்டது.

"அண்டைக்கு எனக்குக் கடலை மூடினவை. பிறகு கரையிலை நிண்டு பாக்கிறது மட்டுந்தான்," என்று சொல்லிவிட்டு, பலா மரத்தடியில் வலையைத் தடவிக்கொண்டிருந்த அண்ணையைக் கண்ணால் காட்டினீர்கள். "இப்ப அந்தாளுக்கும் மூடியாச்சு. இனித்தான் தெரியும் என்ரை வருத்தம்."

உண்மைதான். கடலில் நேவி, வானத்தில் ஹெலி. ஒருவரும் தொழிலுக்குப் போக முடியாது. சுற்றிவரக் கடல் இருக்க, மீன் தெரியாத உள்நாட்டுச் சனத்தைப் போல நாங்கள் பருப்பும் சோயாவும் தின்றோம்.

அந்த வருடம் வெயில் கொஞ்சமில்லை. சனம் இரண்டு மடங்காகிவிட்ட ஊரில் கிணறுகள் ஒவ்வொன்றாக அடி காட்டத் தொடங்கின. எங்கள் வீட்டுக் கிணறு ஆடி பிறக்கும் முன்னரே சேறாகிவிட்டது. மிஞ்சியது பொக்கணை ஒன்றுதான். தோட்டங்களுக்கு நடுவே, யாரும் வெட்டாமல், சுண்ணாம்புக்கல் தானாகவே உள்ளே இடிந்து விழுந்து உண்டான பெரிய பள்ளம் அது. வாய் ஒரு வீட்டு முற்றம் அளவு அகலம். ஒரு பக்கம் கல்லில் செதுக்கிய படிகள். தண்ணீர் மேலே பச்சையாகவும் உள்ளே போகப் போகக் கறுப்பாகவும் இருக்கும். அடி கண்டவர் இல்லை என்பார்கள். அதற்குள் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கடற்கரையில் போய் மிதக்கும் என்று மாமி சத்தியம் பண்ணிச் சொல்வார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அதன் விளிம்பில் நிற்கப் பயம். பார்த்துக்கொண்டு நின்றால் உள்ளிருந்து ஏதோ எங்களைப் பார்ப்பது போல இருக்கும்.

பள்ளிக்கூடத்து அகதிகள் அத்தனை பேருக்கும் குடிக்க, குளிக்க, சமைக்க அந்தத் தண்ணீர்தான். இவருடைய வெங்காயத்துக்கும், பக்கத்துத் தோட்டக்காரரின் வெங்காயத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். மண்ணெண்ணெய் கிடைக்கும் நாட்களில் மிசின் போட்டு இறைப்பார்கள். வெங்காயம் பருக்கும் நேரம். இறைப்பு தவறினால் அவ்வளவும் போய்விடும்.

ஆடியில் ஒரு நாள் காலை, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நீங்களும் நானும் பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிலரும் வாளிகளோடு படியில் நின்றோம். திடீரென்று மிசின் காற்றை இழுத்துக் கத்தியது. நீர்மட்டம் இறங்கி, குழாயின் முனை வெளியே வந்துவிட்டது. இவர் மிசினை நிறுத்திவிட்டு, குழாயை இன்னும் கீழே தள்ளுவதற்காகக் கடைசிப் படியையும் தாண்டிக் கல் விளிம்பில் இறங்கினார்.

"கவனம் தம்பி, அந்தக் கல்லு வெடிச்சுக் கிடக்கு," என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்காது. விளிம்பு பெயர்ந்து விழுந்தது, நீளக் குழாயும் இவரோடு சறுக்கி உள்ளே போனது. இவருடைய தலை பாறையில் அடிபட்ட சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. பிறகு தண்ணீர் மூடியது.

இவருக்கு நீந்தத் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்குமே தெரியாது. கடலால் சூழப்பட்ட மண்ணில் பிறந்து, கிணற்றை நம்பி வாழ்ந்த ஆட்கள் நாங்கள். பச்சைத் தண்ணீருக்குள் இவர் கட்டியிருந்த வெள்ளைச் சாரம் விரிந்து, மெதுவாக மங்கலாகி, கீழே கீழே போவதைப் பார்த்தபடி நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

நீங்கள் கத்தவில்லை. குனிந்து நீளச் சட்டையின் கீழ்ப்பகுதியைக் கால்களுக்கிடையே இழுத்து இடுப்பில் செருகினீர்கள். படியோரம் கிடந்த சுண்ணாம்புக்கல் ஒன்றைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தீர்கள். கண்ணை மூடி ஒருமுறை சிலுவை அடையாளம் போட்டீர்கள். ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போட்டீர்கள். நீண்ட மூச்சு ஒன்று எடுத்தீர்கள். அடுத்த கணம் படியில் நீங்கள் இல்லை.

நானும் உங்களோடு மூச்சைப் பிடித்தேன். ஏன் என்று தெரியவில்லை, நான் மூச்சு விட்டால் நீங்கள் இருவரும் வரமாட்டீர்கள் என்று தோன்றியது. நெஞ்சு வெடிப்பது போல வந்தது. தாங்க முடியாமல் விட்டுவிட்டேன். அழுதேன். மறுபடியும் பிடித்தேன். மறுபடியும் விட்டேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. படியில் நின்ற பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள்.

முதலில் அசைந்தது மிசின் குழாய். கீழே யாரோ அதைப் பற்றி இழுப்பது போல விறைத்தது. பிறகு கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ மேலே வந்தது. ஒரு கையால் குழாயைப் பற்றி ஏறியபடி, மறுகையால் இவருடைய இடுப்பை வளைத்தபடி வந்தீர்கள். உங்கள் தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தபோது நீங்கள் எடுத்த மூச்சின் சத்தத்தைப் போல ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அந்தப் பள்ளம் முழுவதுமே மூச்சு எடுத்தது போல இருந்தது.

கயிறு போட்டு இழுத்தோம். குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் இவரைக் குப்புறப் போட்டு முதுகில் அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது. கடைசியில் இருமலும் வந்தது. அந்த இருமலைக் கேட்டபிறகுதான் நான் கயிற்றைக் கையிலிருந்து விட்டேன்.

எல்லோரும் இவரைச் சுற்றி நிற்க, நீங்கள் மட்டும் படியில் தனியாக இருந்தீர்கள். நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். கும்பிடுவதற்காக நான் பக்கத்தில் வந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், சின்னப் பிள்ளை இனிப்பைச் சுவைப்பது போல. பிறகு சிரித்தீர்கள். பிறகு கண்ணீர் வந்தது.

"தங்கச்சி, கீழை உப்பு."

பயத்தில் புத்தி கலங்கிவிட்டதோ என்று நினைத்தேன்.

"மெய்யாத்தான். மேலை நல்ல தண்ணி. கீழை போகப் போகத் தண்ணிக்குள்ளை இன்னொரு தண்ணி கிடக்கு. சீனிப்பாகு கரைஞ்ச மாதிரி நெளியுது. அதுக்குள்ளை தலை போனவுடனை கண் எரிஞ்சுது. வாயெல்லாம் உப்பு. கடலடி, கடல்! உங்கடை வெங்காயத் தோட்டத்துக்குக் கீழை என்ரை கடல் கிடக்கு!"

அன்று பின்னேரம் அண்ணை வந்தார். காலையிலேயே வீட்டைப் பார்த்து வரக் குருநகர்ப் பக்கம் போயிருந்தார். சனம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றார். கோபிப்பார் என்று நான் பயந்தேன். அவர் உங்களிடம் கேட்டது ஒன்றுதான்.

"எவ்வளவு ஆழம்?"

"அப்பு என்னைச் சங்கு குளிக்கக் கூட்டிக்கொண்டு போற பாரின்ரை ஆழம் வரும்."

அண்ணை போய் வலையடியில் இருந்தார். கல்யாணமாகி அத்தனை வருடம் ஒரே பாயில் படுத்த மனுசிக்கு இது தெரியும் என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லையாம், அவர் கேட்கவுமில்லையாம்.

இவர் தலையில் கட்டோடு படுத்திருந்தார். உப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். தோட்டக்காரனுக்கு அந்தச் சொல் நெருப்பு மாதிரி. கூட இறைத்தால் கிணறு சவராகி உப்புக் கரிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பொக்கணைக்கு அது நடக்காது, அது வற்றாத தண்ணீர் என்று ஊரே நம்பியிருந்தது.

"அக்கா, கேக்கிறதுக்கு வெக்கமாக் கிடக்கு," என்றார் இவர். "ஆனால் நான் சொன்னால் ஒருத்தரும் நம்பாயினம். ஒரு போத்தலுக்குள்ளை அந்தத் தண்ணி கொண்டுவர ஏலுமே?"

நீங்கள் அண்ணையைப் பார்த்தீர்கள். அண்ணை எழுந்து வந்து, "கயித்தை நான் பிடிக்கிறன்," என்றார்.

அடுத்த நாள் காலை ஊரும் பள்ளிக்கூடமும் பொக்கணையைச் சுற்றி நின்றன. உங்கள் இடுப்பில் அண்ணை தன் கையாலேயே வலைக்கயிற்றை முடிந்தார். முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். தக்கை அடைத்த போத்தலோடும் கல்லோடும் நீங்கள் இறங்கினீர்கள். இந்த முறை நான் பயப்படவில்லை. அண்ணையின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த விரல்களுக்குள்ளால் கயிறு ஓடி ஓடி, பிறகு நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கயிற்றின் வழியாக உங்களோடு கதைப்பது போல அவருடைய உதடுகள் அசைந்தன.

மேலே வந்தபோது உங்கள் முகத்தில் பயமும் இல்லை, களைப்பும் இல்லை. கோயிலில் திரை விலகும்போது சில முகங்களில் தெரியுமே, அது இருந்தது.

"ஒரு பக்கம் குகை மாதிரித் திறந்து கிடக்கு," என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர்கள். "கையை நீட்டினன். தண்ணி உள்ளுக்கு இழுக்குது. பிறகு வெளியிலை தள்ளுது. மூச்சு விடுற மாதிரி. எங்கேயோ கடல் இதைப் பிடிச்சு வைச்சிருக்கு."

நாங்கள் நின்ற மண், வெங்காயப் பாத்திகள், வாழை மரங்கள், பள்ளிக்கூடம், நானூறு வருடமாக அசையாது நிற்கிறதென்று நாங்கள் பெருமைப்பட்ட எங்கள் ஊர் எல்லாமே ஒரு கல் ஓட்டின்மேல் இருக்கிறது. அதற்கடியில் கடல் வந்து மூச்சு விடுகிறது. என் உள்ளங்கால் கூசியது. செருப்பைக் கழற்ற வேண்டும் போல இருந்தது.

போத்தல் கை மாறியது. ஒவ்வொருவரும் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார்கள். இரண்டு மிசின் வைத்திருந்த பக்கத்துத் தோட்டக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அதுக்கு? அகதிச் சனத்துக்காக என்ரை தோட்டத்தைக் காயவிடச் சொல்லுறியோ?"

"சனத்துக்காக மட்டுமில்லை அண்ணை," என்றார் இவர். "இப்பிடியே இறைச்சால் உது மேலை வரும். வந்தால் பிறகு உங்கடை பேரப்பிள்ளையளுக்கும் இந்த மண்ணிலை ஒண்டும் முளையாது. நான் என்ரை மிசினைக் கழட்டுறன். என்ரை உயிர் நேற்றோடை போயிருக்க வேண்டியது. வெங்காயம் போனால் போகட்டும்."

அந்த மனிதர் போத்தலை வாங்கி இன்னும் ஒரு தரம் நக்கிப் பார்த்தார். துப்பினார். தன் தோட்டத்துப் பக்கம் நடந்தார். மத்தியானம் அவருடைய மிசின்கள் இரண்டும் வண்டிலில் ஏறி வீட்டுக்குப் போவதைக் கண்டோம். அதற்குப் பிறகு பொக்கணையில் வாளி மட்டும்தான். அந்த முறை எங்கள் வெங்காயம் சுண்டங்காய் அளவில் பிடுங்கப்பட்டது. கடன்பட்டோம், சமாளித்தோம். தண்ணீர் மழை வரும்வரை நல்ல தண்ணீராகவே இருந்தது.

ஆனால் எனக்கு அந்த ஆடியில் மறக்க முடியாதது வேறு.

அமாவாசைக்கு முதல் நாள் மாமி கொட்டிலடிக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை. நீங்கள் மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் மா இடித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை," என்றார் உங்களைப் பார்த்து. "ஆடி அமாவாசைக்கு நான் ஒரு வருசமும் கீரிமலைக் கடலிலை முழுகாமல் விட்டதில்லை. என்ரை ஐயாவுக்குச் செய்யிறது. இந்த முறை அங்காலை போகேலாது. ஆமி வந்திட்டான்." தொடர்ந்து சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "நீ கீழை இருந்து ஒரு செம்பு கொண்டுவந்து தருவியே?"

நான் உலக்கையைக் கையிலேயே பிடித்தபடி நின்றேன். நீங்கள் மகளின் பின்னலை முடித்தீர்கள். ரிபன் கட்டினீர்கள்.

"ஒரு செம்பு காணுமே அம்மா? தலையிலை வாக்கிறதெண்டால் குடம் வேணுமெல்லோ?"

அமாவாசையன்று விடியற்காலையில் நீங்கள் மறுபடியும் இறங்கினீர்கள். குடத்தோடு ஒரே தரம் அல்ல. வாய் கட்டிய போத்தல்களாகப் பல தரம். ஒவ்வொரு தரமும் மேலே வந்து செப்புக் குடத்தில் ஊற்றிவிட்டு மறுபடி இறங்கினீர்கள். அண்ணை கயிற்றைப் பிடித்தார். மாமி நனைந்த சேலையோடு கிழக்கைப் பார்த்து நின்றார். தகப்பன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பிறகு உங்கள் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தார்.

"நீயே ஊத்து."

நீங்கள் ஊற்றினீர்கள். உப்புத் தண்ணீர் மாமியின் நரைத்த தலையிலிருந்து முகத்தில் வழிந்து வாய்க்குள்ளும் போனது. அவர் துடைக்கவில்லை. விழுங்கினார். எந்தச் சட்டமும் எந்தக் கூட்டமும் எங்கள் வளவுக்குள் கொண்டுவர முடியாத ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது.

புரட்டாதியில் கோட்டைப் பக்கம் சண்டை ஓய்ந்தது. நீங்கள் வீடு திரும்பினீர்கள். கூரை இல்லாத வீடுதான், ஆனாலும் கடலடி. படலையில் நின்று மாமி மகளின் கையில் ஒரு பிடி பனங்கட்டி வைத்தார். அண்ணை பலாக் கிளையிலிருந்து வலையை இறக்கியபோது இரண்டு இலைகள் அதில் சிக்கியிருந்தன. அவர் அவற்றை எடுக்காமலே தோளில் போட்டுக்கொண்டார்.

பிறகு வந்த வருடங்களில் சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம் நான் உங்களிடம் வந்தேன். பயணம் சுலபமில்லை, கரவெட்டியிலிருந்து சைக்கிளில், ஹெலிச் சத்தம் கேட்டால் மரத்தடியில் ஒதுங்கி ஒதுங்கி. ஒருமுறை வந்தபோது இவரோடு ஏதோ சண்டை, அழுது முகம் வீங்கி வந்திருந்தேன். நீங்கள் விசாரிக்கவில்லை. "வா," என்று பரவைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். விடிந்து கொஞ்ச நேரம்தான். ஆண்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று சின்ன வலை வீசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அப்பால் ஒருவரும் போக முடியாது. எங்களை யாரும் கவனிக்கவில்லை.

இடுப்பளவு தண்ணீருக்கு வந்ததும், "மல்லாந்து படு," என்றீர்கள்.

"ஐயோ, கீழை தாண்டு போவன் அக்கா."

"என்ரை கை கீழை இருக்கு. படு."

முதுகுக்குக் கீழே உங்கள் உள்ளங்கை இருந்தது. நான் கல்லாக விறைத்துக்கொண்டு படுத்தேன். தண்ணீர் காதுக்குள் வந்ததும் கத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"நீ தண்ணியோடை சண்டை பிடிக்கிறாய். உவ்வளவு பெரிய சாமான் உன்னைத் தூக்க மாட்டுதோ? வானத்தைப் பார். வேறை ஒண்டையும் பாராதை."

வானத்தைப் பார்த்தேன். அன்று விமானம் இல்லை, ஒன்றும் இல்லை, நீலம் மட்டும். காதுக்குள் தண்ணீரின் இரைச்சல் கேட்டது. அது இரைச்சலா, என் இரத்தமா என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, திரும்பிப் பார்த்தால் நீங்கள் தள்ளி நின்று கொண்டை முடிந்துகொண்டிருந்தீர்கள். கையை எப்போதோ எடுத்துவிட்டீர்கள். எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், ஆமி நெருங்க, யாழ் நகரையும் சேர்த்து வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்ட அந்த மழையில், நீங்கள் தென்மராட்சிப் பக்கம் போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். சில மாதங்களில் இவருடைய தம்பி அனுப்பிய வழியில் நாங்களும் நாட்டை விட்டு வெளிக்கிட்டோம். அதற்குப் பிறகு உங்களை நான் காணவில்லை. குரல் மட்டும்தான். அண்ணை போனதையும் குரலில்தான் கேட்டேன். மாமி போனதை உங்களுக்குக் குரலில்தான் சொன்னேன். அன்று நீங்கள் ஒரு மெழுகுதிரி ஏற்றினீர்களாம்.

இங்கே எங்கள் ஊரில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது, அக்கா. நாலு பக்கமும் மலை. பனி உருகி வந்த தண்ணீர். அது எந்தக் கடலையும் நேராகப் பார்ப்பதில்லை. கோடை வந்தால் வெள்ளைக்காரப் பெண்கள் நீந்துவார்கள். நானும் அவர்களோடு இறங்குகிறேன். எங்கள் ஆட்களில் என் வயதுப் பெண்கள் யாரும் வருவதில்லை. கரையில் நின்று, "பயமில்லையோ, உது எவ்வளவு ஆழம் தெரியுமோ?" என்று கேட்பார்கள்.

உங்கள் மகள் தொலைபேசியில் அழுத அன்று நான் வேலைக்குப் போகவில்லை. ஏரிக்குப் போனேன். கரையிலிருந்து வெகு தூரம் நீந்திப் போய், அடி தெரியாத இடத்தில் மல்லாந்து படுத்தேன். கீழே எத்தனை பனை ஆழமோ. மேலே வானம் மட்டும். காதுக்குள் தண்ணீர் வந்தது. நான் கத்தவில்லை. முதுகுக்குக் கீழே கை இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, அக்கா. ஆனாலும் அந்தத் தண்ணீர் என்னை வைத்துக்கொண்டிருந்தது.